பச்சை / நீலம்

பகலில் நான் மீற்றர் பார்ப்பவன்.
தண்ணீரூற்றில் முப்பத்தெட்டு வீடு,
வற்றாப்பளைப் பக்கம் அறுபத்தொன்று.
இரவில்
பழைய வாசிப்பு அட்டைகளின் மிச்ச இடத்தில்
கிளி எழுதுகிறேன்.
‘அலகுகள்’ என்று அச்சடித்த கட்டத்துக்குள்
உண்மையிலேயே அலகுகள்.

பேடு, பச்சை. சகாயநாதன் தந்தது. வளையம் 14.
ஆண், பச்சை. வவுனியாவில் வாங்கினது.
தாய் தகப்பன் தெரியாது.

(இந்த ஊரில் அந்த வசனத்தை எழுதும்போது
கிளிக்கென்றாலும்
பேனை கொஞ்சம் நிற்கும்.)

லவ்பேர்ட்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்வது.
காதலை நான் கண்டதில்லை.
கணவாய் ஓட்டுக்குச் சண்டை கண்டிருக்கிறேன்.
முல்லைத்தீவுக் கரையில் பொறுக்கி
உப்புப் போக மூன்று நாள் ஊறவைத்த ஓடு;
ஒரே கிழமையில் தின்று தீர்த்தன,
பிறகு முட்டிக்குள் ஆறு முட்டை.

இரண்டு கூழ்.
மூன்று பொரித்தன, இமைக்குள் கறுப்புக் கண்ணோடு.
கடைசியை டோர்ச் வெளிச்சத்தில் உள்ளங்கையில் வைத்தேன்:
மூடிய தோலுக்குப் பின்னால்
கொவ்வைப்பழச் சாறு இரண்டு துளி.

பெண்.
அந்த நிமிடமே தெரியும்.
மூக்கு நிறம் பிடிக்க இன்னும் மாதங்கள் கிடக்கின்றன,
தலை கழுத்தில் நிற்கவில்லை,
ஆனாலும் பெண்.
சிவப்புக் கண்ணை வைத்துக்கொள்ள
ஆணுக்கு இரண்டு பை,
ஒன்றில் வைத்து மற்றதால் மூடிக்கொள்வான்.
பேட்டுக்கு ஒரே பை.
இருந்தால் முகத்தில் இருக்கும்,
இல்லையென்றால் இல்லவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் இறகு முளைத்தது.
மஞ்சளை எதிர்பார்த்தேன்.
வெள்ளை.

வேலிக்கு அங்கால் நின்று லோஜினி சிரித்தாள்:
“ரெண்டும் பச்சை, குஞ்சு வெள்ளையோ?
உங்கட பேடு எங்கயோ போய் வந்திருக்கு.”
கூட்டுக்குப் பூட்டு. திறப்பு என் அரைநாணில்.
ஆனால் ஊரில்
பேட்டின் மேல்தான் முதல் சந்தேகம்,
கிளியிலும்.

எப்படிச் சொல்வேன் அவளுக்கு,
நீலம் என்றொரு சாயமே இறகில் கிடையாது,
கருமைக்கு மேல் வெளிச்சம் செய்யும் வேலை அது;
அதன்மேல் மஞ்சள் படிந்தால் பச்சை.
மஞ்சள் வராமல்போன பக்கத்தை
இவனும் அவளும் ஆளுக்கொன்றாய் ஒளித்திருந்தார்கள்.
கருமை வராமல்போனதை
இவன் மட்டும்.
மூன்றும் ஒரே முட்டையில் சந்திக்க
பதினாறுக்கு ஒன்று.
பதினாறு பொரித்தால் ஒன்று கட்டாயம் என்றல்ல;
மாங்குளம் பஸ் மணிக்கொன்று என்கிறார்களே, அப்படி.

சந்தைக்காரனைத் தேடிப் போனேன்.
“அது ஆரோ குடுத்தது அண்ணை,
கூட்டோட நாலு வந்தது.”
நான் போனது சண்டைக்கல்ல.
எங்கோ ஒரு கூட்டில்
சிவப்புக் கண்ணோடு ஒரு கிழவி இருந்திருக்கிறாள்,
அல்லது அவளை ஒளித்த ஒருவன்.
அவ்வளவுதான் கேட்க நினைத்தது.

வெள்ளையை ஒன்பதாயிரத்துக்குக் கொண்டுபோனார்கள்,
வான் யன்னலில் துணி கட்டி,
வெயில் அந்தக் கண்ணுக்கு ஆகாது என்று.

மிச்சம் மூன்று பச்சை.
அட்டையில் பச்சை என்று எழுதி
ஒரு சாய்கோடு போட்டு
அதற்கப்பால் இடம் விட்டேன்.
மூன்றில் இரண்டுக்கு உள்ளே நீலம் இருக்கும் என்கிறது கணக்கு.
எந்த இரண்டு என்று கணக்குக்கும் தெரியாது.

நேற்றுக் கயூரன் வந்தான், எட்டாம் வகுப்பு,
அறுநூறு ரூபாயை இருபதுகளாய் எண்ணி வைத்தான்.
பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு
கிளியை உள்ளே விட்டேன்.
“வெறும் பச்சைதானே அண்ணை?”

முப்பது தாள். ஒன்று கிழிந்தது.
பரவாயில்லை என்றேன்.
“வெளியில பச்சை” என்றேன்.
அவன் அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டான்,
பெட்டி ஒரு கையில்,
மற்றக் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு.