இறங்கிப் போன மலை

சியூ ஹுவாவின் காலணி முந்நூற்று இருபது வெள்ளி.
நேப்பாளத்துக்கென்று வாங்கியது.
விடுப்புத் தாளின் குறுக்கே மேலாளர்
ஒரு கோடு கிழித்தார்.
இமயம் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

இரவுப் பணி முடிந்த கண்களோடு
எட்டாம் வார்டிலிருந்து மூவர்,
அவள், நான், மங்கையர்க்கரசி,
சாங்கி படகுத்துறையில் நிற்கிறோம்.
பன்னிரண்டு தலை சேர்ந்தால்தான் படகு நகரும்.
ஒன்பது தலையும் மூன்று மிதிவண்டியும் சேர்ந்திருந்தன.
மிதிவண்டிக்குத் தலை உண்டா என்று
மங்கை படகுக்காரரிடம் வாதாடிப் பார்த்தாள்.
குறிஞ்சிக்குப் போக நெய்தலைத் தாண்ட வேண்டும்,
ஆளுக்கு நான்கு வெள்ளி,
சில்லறையாக.

உபின் தீவில் ஒரு மலை உண்டு.
எழுபத்தைந்து மீட்டர்.
சிரிக்காதே என்றாள் மங்கை. மலை மலைதான்.

வரிசையை மறந்து காடாகிப்போன
ரப்பர் மரங்களின் ஊடே பாதை.
பால் வடிந்த தழும்பெல்லாம் பாசி.
சில்வண்டுகள் ஒரே குரலில் கத்தி
ஒரே நொடியில் நிறுத்தின,
யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல.
அந்த அமைதிக்குள்தான் பன்றி வந்தது,
பின்னால் வரிப் பனியன் போட்ட ஐந்து குட்டிகள்.
எங்கள் காயா ரொட்டிப் பையை
சுங்க அதிகாரி மாதிரி வாங்கிக்கொண்டு
திரும்பிப் பாராமல் போயிற்று.

கம்போங்கில்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
தகரக் கூரைக்குக் கீழே ரோக்கியா
ஐஸ் பெட்டியில் இளநீரைப் புதைத்து விற்கிறாள்.
கைபேசியில் கொரியத் தொடர்,
கதாநாயகி அழும் கட்டம்.
"மலைக்கா?" கண்ணை எடுக்காமல் கேட்டாள்.
"முக்கால்வாசி எப்போதோ லாரியில் போய்விட்டதே.
பரவாயில்லை, மிச்சத்தைப் பாருங்கள்."

மூச்சு வாங்கும்போது எதிரே இறங்கியவர்
இன்னும் கொஞ்சம்தான் என்றார்.
அவருக்குப் பின்னால் வந்தவளும் அதையே சொன்னாள்.
அதற்குப் பிறகுதான் இருந்தது நிஜமான ஏற்றம்.

உச்சியில் வேலி.
வேலிக்கு அப்பால் மலை இல்லை,
மலை இருந்த அளவுக்கு ஒரு பள்ளம்.
அதில் பச்சைத் தண்ணீர்,
தண்ணீருக்கு மேல் வெடிவைத்துப் பிளந்த
கருங்கல்லின் வாய்,
வாயோரம் இரண்டு கொக்கு.
நீரிணைக்கு அக்கரையில் வெயிலேறி நிற்கும்
எங்கள் அடுக்குமாடிகள்.
ஏற வந்தோம்.
மலை எங்களுக்கு முன்பே இறங்கி
ஊருக்குள் போய்க் குடியேறியிருந்தது.

சியூ ஹுவா படம் எடுக்கவில்லை.
கால் கடிக்கவே இல்லை இது, என்றாள்,
குறை சொல்வதுபோல்.

இரவு ஒன்பதரை.
புளோக்கின் மூன்று மின்தூக்கியும்
வாய் மூடிக் கிடந்தன.
என் வீடு இருபத்திரண்டாம் மாடி.

நான்கில் நெத்திலி பொரியும் வாசம்.
ஏழில் சிவப்பு விளக்கு, சாம்பல் கிண்ணம், மூன்று ஊதுவத்தி.
ஒன்பதில் ஓதும் ஒரு சிறுமி
தடுக்கிய சொல்லுக்கே திரும்பத் திரும்ப வருகிறாள்.
பதிமூன்றில் சண்டை,
அதை மறைக்கக் கூட்டிவைத்த தொலைக்காட்சி.
பதினாறில் கறிவேப்பிலைத் தொட்டி,
'கேட்டுவிட்டுப் பறிக்கவும்' என்று மூன்று மொழியில்.
எட்டு வருடமாக இந்த ஊர்களை
ஒரு பெட்டிக்குள் நின்றபடி கடந்திருக்கிறேன்,
எண்கள் மட்டும் ஒளிர.

பதினெட்டில் முழங்கால் நின்றது.
சுவரில் கை வைத்தேன். சில்லென்று, சொரசொரப்பாக.
இதற்குள் எத்தனை பிடி அந்தப் பள்ளம்?
யாரிடம் கேட்பது.

மேலிருந்து உணவுப் பையோடு
ஒரு பையன் தடதடவென்று இறங்கினான்.
இன்னும் எவ்வளவு தூரம் தம்பி,
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
என் மாடி எதுவென்று அவனுக்குத் தெரியாது.
இன்னும் கொஞ்சம்தான் அக்கா, என்றான்
நிற்காமல்.