கொருக்குப்பேட்டை கேட்

என் வார்டில் கவுன்சிலர் என்றால் டொமினிக்.
கவுன்சிலரம்மா என்றால் நான்.
ஜெயித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள்,
கவுன்சிலர் பெண்டாட்டி என்று அர்த்தம்.
மெஷினில் அமுக்கியதெல்லாம் என் பெயரைத்தான்:
அமலோற்பவம்.
நீளமாக இருக்கிறதென்று யாரும் கூப்பிடுவதில்லை.

போஸ்டரில் என் முகம் தபால்தலை அளவு.
ரப்பர் ஸ்டாம்பு அவர் சட்டைப்பையில்,
பீடிக்கட்டு பக்கத்தில்.
லெட்டர்பேடை முகர்ந்தாலே தெரியும்
எந்தக் கை போட்ட முத்திரை என்று.

மழைநீர்க் கால்வாய் பார்க்க
ஜப்பானிலிருந்து ஆறு பேர் வந்தார்கள்.
ஐந்து கோட்டு, ஒரு பெண்.
ஏதோ துறைமுக ஊரின் மன்ற உறுப்பினராம், ஹிசாயோ.
மண்டல ஆபீசில் நாற்காலி பத்தவில்லை.
என்னுடையதில் டொமினிக் இருந்தார்.
அவள் எழுந்து ஐந்து கோட்டுக்கும் டீ ஊற்றினாள்,
நான் பிஸ்கட் தட்டை நீட்டினேன்.
நடுமேசையில்
தட்டும் கெட்டிலும் இடித்துக்கொண்டன.
நிமிர்ந்து பார்த்தால்
நாத்தனார் மாதிரி இருந்தது முகம்.

பம்பிங் ஸ்டேஷன் வாசலில்
என்னிடம் அவள் நீளமாக ஏதோ பேசினாள்.
மொழிபெயர்க்க வந்த பையன்
'அவங்க ஊர்ல கொஞ்சம் கிண்டல் பண்ணுவாங்களாம் மேடம்' என்றான்.
அவ்வளவு நீளத்துக்கு இவ்வளவுதானா?
முழுசா சொல்லுப்பா.
காது சிவக்கச் சொன்னான்:
பிரசவ ஆஸ்பத்திரி மூடியதைக் கேட்க எழுந்தாளாம்,
மொதல்ல நீ ஒண்ணு பெத்துக்காட்டு
என்றதாம் பின்வரிசை.
மன்றமே சிரித்ததாம்.
அவளும் சிரித்தாளாம்.
அந்தத் தன் சிரிப்பைத்தான்
ஏழு வருஷமாய்க் கழுவ முடியவில்லையாம்.

நான் மூணு பெத்தவள்.
எனக்கு வேறு வசனம் வைத்திருக்கிறார்கள்:
'மூணு புள்ளைய வூட்ல வுட்டுட்டு
இவளுக்கு இன்னாத்துக்கு மைக்கு?'
இதை அவளுக்குச் சொல்லச் சொன்னேன்.
பையன் சொன்னது ரெண்டே வார்த்தை.

திரும்பும்போது கேட் போட்டுவிட்டான்.
கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
மாப்பிள்ளை ஊர்வலமும் நிற்கும்,
பாடையும் நிற்கும்.
ஆம்பிளைகள் இறங்கி சிகரெட் பற்றவைத்தார்கள்.
பையனும் போய்விட்டான்.
வேனில் நாங்கள் ரெண்டு பேர்,
பொதுவாக ஒரு சொல் கிடையாது.

அவள் ஹீல்ஸைக் கழற்றினாள்.
குதிகாலில் தோல் உரிந்து ரத்தம்.
இதோடா அந்தச் சேற்றில் அத்தனை தூரம் நடந்தாள்!
என் பையில் எப்போதும் இருக்கும்:
பிளாஸ்திரி, சேஃப்டி பின்,
டொமினிக் படிக்காத பதினேழு மனுக்கள்.
ஒட்டிவிட்டேன்.
பிறகு தோள்பட்டையை விலக்கி
பின் குத்திக் குத்திக் கன்றிய இடத்தைக் காட்டினேன்.
சுடிதார் போட்டால் மக்கள் மதிக்க மாட்டார்களாம்.
அவளுக்கு எப்படிப் புரிந்ததோ,
குலுங்கிச் சிரித்தாள்.
இது கழுவ வேண்டாத சிரிப்பு.

கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது.
எண்ணூர்க் கரி, பெட்டி பெட்டியாய்.
அவள் அவள் பாஷையில் எண்ணினாள்,
நான் என் பாஷையில்.
கடைசிப் பெட்டிக்கு எனக்கு ஐம்பத்தொன்பது.
அவளுக்கு எத்தனையோ.

கதவைத் திறந்து டொமினிக் கேட்டார்:
'இன்னா சிரிப்பு?'
'ஸ்டாம்பக் குடு' என்றேன்.
அதற்குள் கேட் தூக்கினான்.
பின்னால் நின்ற கன்டெய்னர் லாரிகள் மொத்தமும்
ஹாரனில் கையை வைத்தன.
'இன்னா சொன்ன?' என்றார்
காதில் கைவைத்து.
மறுபடி சொல்ல வேண்டும்.
இன்னும் கொஞ்சம் சத்தமாக.