ஒல்ஸாவின் இரு கரைக் கணக்கு

வண்டிக் கூரையில் ஒரு குழாய்.
காற்றை உறிஞ்சி உறிஞ்சித்
திரையில் ஒரு கோடாகத் துப்புகிறது.
இரெனேயுஷ் ஓட்டுகிறார்.
நான் கோட்டைப் பார்க்கிறேன்.

போலந்துக் கரையில் சுரங்கம் இன்னும் ஓடுகிறது.
காற்றோட்டக் கோபுரத்தின் விசிறி
ஊர் உறங்கினாலும் உறங்காமல்,
கீழே இருப்பவர்கள் சாகாதிருக்க
கீழே இருப்பதை
மேலே இருப்பவர்கள்மீது வீசுகிறது.

மணமில்லை. நிறமில்லை.
பனி கறுத்த சாலையில், பேருந்துக்கு நிற்கும் பெண்
தாவணிபோல் சுற்றிய கம்பளியை இறுக்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.
திரையில் மட்டும் கோடு திடுக்கென எழுந்து
காய்ச்சல்காரனின் அட்டவணைபோல் நிற்கிறது.
"வந்துட்டா" என்கிறார் இரெனேயுஷ்.
மெத்தேனை அவர் பெண்ணாகத்தான் சொல்வார்.
இருபத்திரண்டு வருடம் அடியில் இருந்தவர்.
நூற்றில் ஐந்து பங்கு சேர்ந்துவிட்டால்
ஒரு பொறிக்காகக் காத்திருப்பாள் என்பார்.
அதற்கு மேல் சொல்லமாட்டார்;
கியரை மாற்றுவார்.

பாலம் தாண்டினால் செக் நாடு.
காவலும் இல்லை தடுப்பும் இல்லை,
கைப்பேசி மட்டும் நல்வரவு சொல்கிறது.
இங்கே சுரங்கங்களை மூடிவிட்டார்கள்.
குழியின் மேல் கான்கிரீட்,
கான்கிரீட்டின் மேல் மண், மண்ணின் மேல் புல்,
புல்லின் நடுவே கழுத்து வளைந்த ஒரு இரும்புக் குழாய்.
பக்கத்தில் பலகை: நெருப்பு வேண்டாம்.

டிராம் ஓட்டும் குவெட்டா ஹ்ருபெஷோவாவின் நிலவறையில்
வெள்ளரி ஊறுகாய்ப் புட்டிகளுக்கு மேலே
நகராட்சி மாட்டிய கருவி ஒன்று.
வானிலை கெட்டு அழுத்தம் குறையும் நாட்களில்
மூடிய சுரங்கம் மூச்சு விடும்.
"மழைக்கு முன்னால என் முழங்கால் வலிக்கும்,
இது கத்தும்.
எது முந்துதுன்னு எனக்கும் இதுக்கும் பந்தயம்."
சிரித்தபடியே கெட்டிலைப் போட்டார்.

என் வேலை ஒரு அட்டவணை.
இரண்டு நாடு, இரண்டு கட்டம்.
ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க
எத்தனை கிராம் மெத்தேன் தப்பியது?
விசிறி வீசுவதெல்லாம் இடப்பக்கம் சேரும்;
அதில் பிடித்து எஞ்சினில் எரித்ததைக் கழிக்கவேண்டும்.
மூடிய குழி கசிவது
மின்சாரக் கணக்கில் வராதாம்,
அதற்கு வேறு ஏடு, வேறு மாடி, வேறு அதிகாரி.
ஆகவே வலக்கட்டம் மெலிந்து
குளித்து முடித்ததுபோல் பளிச்சென்று இருக்கிறது.
ஏட்டுச் சுரைக்காயை எடைபோடும் உத்தியோகம்;
எடை மட்டும் இரண்டு தசம இலக்கத்துக்குத் துல்லியம்.

குவெட்டா கேட்டார்:
"இந்தக் கெட்டில் கரண்ட்
சில ராத்திரி அந்தக் கரையிலருந்து வருதாமே.
அப்போ என் தேநீரை
எந்தப் பக்கம் எழுதுவீங்க?"
ஊறுகாய் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.
வாயில் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திரும்பும்போது
பாலத்தின் சரிநடுவில் கோடு எழுந்தது.
இரெனேயுஷ் வண்டியை ஓரம் கட்டி
கண்ணாடியை இறக்கி
விரலை நனைத்து வெளியே நீட்டினார்.
காற்று ஒரு திசையில் நிற்கவில்லை.
ஆற்றுக்கும் அடியில், வெகு அடியில்
கரிப்படுகை ஒன்றேதான், முறியாமல் போகிறது;
நாடு பிரித்த நாளில்
அதற்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.
"யாரோடது?" என்றேன்.
"எழுதுறவன் நீதானே" என்றார்.

இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள கோட்டின் மேலேயே
அந்த எண்ணை எழுதி அனுப்பினேன்.
கட்டோவிட்செ அலுவலகத்தில் மறுநாள்
அச்சுப் பிழை என்று அழித்தார்கள்.

இன்று அழுத்தம் குறைகிறது.
குவெட்டாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி:
முழங்கால்தான் முந்தியது.