வேலி

கழற்றியது நான்தான் மேடம், எழுதிக்கொள்ளுங்கள்
என்றுதான் ஆரம்பித்தேன்.
நாலு போல்ட், பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
சேசுராஜ், ஃபிட்டர், கட்டபெட்டு ஆலை,
சர்வீஸ் பத்தொன்பது வருஷம்.

கொழுந்தோடு முற்றல் இலையும் கலந்து வந்தால்
மூன்றாம் நம்பர் மெஷினுக்கு விக்கல் எடுக்கும்.
நிறுத்தி, காப்புத் தகட்டைத் திறந்து, வாரி, மூட
பன்னிரண்டு நிமிஷம்.
கழற்று என்று யாரும் சொல்லவில்லை.
ஏன் லேட் என்று கேட்டார்கள்.
தினமும்,
ஒரு மாதம்.

மஞ்சள் பெயின்ட் அடித்த கம்பிவலை, நாலடிக்கு மூன்றடி,
சும்மா சுவரில் சாய்ந்து கிடந்தது.
மேனேஜர் பங்களா முட்டைக்கோஸ் பாத்தியில்
காட்டெருமை புகுந்த வாரம்
அதற்குக் கீல் வைத்துக் கதவாக்கினேன்.
அளவெடுத்தது போலப் பொருந்தியது.
நூறு ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

எத்வாவுக்கு ராஞ்சிக்கும் அப்பால் ஏதோ ஊர்.
கேன்டீன் சுவரில் மாட்டியிருக்கிறார்களே,
சட்டத்துக்குள் சட்டம்,
தமிழில்,
அந்தக் கண்ணாடியில் பார்த்துத்தான் தலை வாருவான்.
ராத்திரி ஷிப்டில் பதினான்கு பேர், பதினொருவர் அவன் பக்கத்து ஆட்கள்.
அவனுக்கு அந்த எழுத்து தெரியாது.
எனக்குத் தெரியும்.
நான் வாசித்ததில்லை.

மார்கழி. மணி மூணரை.
இரண்டு இலை, ஒரு மொட்டு என்று எண்ணிப் பழகிய மலை.
அவனுக்குப் போனது
இரண்டு விரல், ஒரு நுனி.
நான் சுவிட்சை அணைத்த பிறகும் ரோலர்
பழக்க தோஷத்தில் கொஞ்சம் சுற்றியது.
ஐஸ் எங்கே, ஐஸ் எங்கே என்று ஆளாளுக்குக் கத்தினோம்.
முதலுதவிப் பெட்டியில்
காய்ந்துபோன களிம்பும் ஒரு சீட்டுக்கட்டும் இருந்தன.
ஜீப் திரும்பும்போதுதான் பார்த்தேன்,
ஹெட்லைட் வெளிச்சத்தில்
புல் முழுக்க உறைபனி.

பதினோரு நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள்.
யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்க மாட்டேன்.
விபத்துப் பதிவேட்டில்
'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று இருந்தது.
அதை நீங்கள் விரலால் தேய்த்துப் பார்த்தீர்கள்,
மை ஒட்டியது.

கழற்றியது நான் என்றதும்
மேனேஜர் முகம் தெளிந்ததைக் கவனித்தீர்களா?
நீங்கள் பேனாவை மூடிவிட்டுச் சொன்னீர்கள்:
அது தனிக் கதை, சேசுராஜ்.
சுற்றுகிற பாகத்துக்கு வேலி இருக்க வேண்டும்.
இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது
ஆலையை நடத்துகிறவர் பொறுப்பு.
ராத்திரி மூணரைக்கும்தான்.

வேலி என்றா சொன்னீர்கள்?
சன்னல் வழியே பார்த்தேன்,
பங்களா பக்கம் மஞ்சளாக ஒன்று
வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.
கை காட்டினேன்.
வேறெதுவும் நான் பேசவில்லை.

குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளை மோந்து பார்க்க
மாதம் ஒருமுறை வருகிற முதலாளியின்
முழுப்பெயரை, இனிஷியலோடு,
என்னிடம்தான் கேட்டு எழுதினீர்கள்.

அன்று சாயங்காலமே கீலைக் கழற்றி
கதவை மறுபடி தகடாக்கினேன்.
ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுக்கவே நேரமானது.
நாலு போல்ட்டில் மூன்றுதான் கிடைத்தது.
நாலாவது வரும்வரை மூன்றாம் நம்பர் ஓடாது என்று
எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
நான் எழுதிய முதல் ஆபீஸ் லெட்டர் மேடம்,
நகல் இத்துடன்.

எத்வா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்.
இடது கையில் போனைப் பிடிக்க
இன்னும் வரவில்லையாம், இரண்டு தரம் கீழே போட்டான்.

இன்னொன்று.
மறுநாள் காலை பாத்தி முழுக்கக் குளம்புத் தடம்.
ஏழு மணிக்கெல்லாம்
வனத்துறைக்குப் போன் போய்விட்டது.
எத்தனை முட்டைக்கோஸ் போச்சு,
சரியாக எண்ணிச் சொல் என்றார்கள்.
எண்ணினேன்.
நாற்பத்தொன்று.