கழுத்து வரை

முதல் வரைபடத்தில் ஆறடி ஆழம் போட்டிருந்தேன்.
தெற்கே மூன்றடி, வடக்கே ஆறு,
நடுவில் கால் அறியாத சரிவு.
அர்த்தநாரி அண்ணனுக்கு ஆழம் சரி, வடிவம் பிடிக்கவில்லை.
துபாயில் மகன் தங்கிய ஓட்டலில் பார்த்த
சிறுநீரக வடிவம்தான் வேண்டும்.
ஜவ்வரிசி மில் காசு,
கன்னங்குறிச்சி வீட்டுக்குப் பின்னால் பதினோரு சென்ட்,
அதில் ஒரு சிறுநீரகம்.
வரைந்தேன். என் தொழில் அது.

சுலோச்சனா அக்கா முறுக்குத் தட்டை வைத்துவிட்டு
வரைபடத்தைத் தலைகீழாகவே பார்த்தார்.
"இதுல நான் நின்னா எது வரைக்கும் வரும்?"
நீச்சல் தெரியுமா என்றேன்.
"நிக்கத் தெரியும்."

அளவு நாடாவை எடுத்தேன்.
கூடத்துச் சுவரில் குதிகால் ஒட்டி நின்றார்,
பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்க நிற்பது போல.
கழுத்துக்குழி, நாலடி இரண்டு அங்குலம்.
சுவரில் பென்சிலால் ஒரு கோடு.
"ஆறடி இல்லாட்டி அது தொட்டிங்க" என்றார் அண்ணன்.
கோட்டை அழிக்க யாரும் ரப்பர் தேடவில்லை.

அப்புறம் வேம்பு.
சித்திரையில் பூவுதிர்க்கும், தையில் இலையுதிர்க்கும்,
வடிகட்டி மூன்றே நாளில் மூச்சு முட்டும்.
வெட்டிவிட்டுப் பாக்கு நடலாம்,
ஓரத்தில் கல்வாழை, வெட்டிவேர்,
கால் வழுக்காத சங்ககிரிக் கல் என்று
எழுதிக் கொடுத்தேன்.
ஆயுத பூஜை வரை பேசினோம். நான் தோற்றேன்.
பக்கத்து மாடிக்கும் குளத்துக்கும் நடுவே
அந்த மரம் ஒன்றுதான் மறைப்பு என்று
அக்கா சொன்ன பிறகே தெரிந்தது,
என் வரைபடத்தில் பக்கத்து வீடே இல்லை.

தோண்ட வந்தவர் மாதேசன்.
முதல் நாள் செம்மண். இரண்டாம் நாள் சுக்கான்.
மூன்றாம் நாள் ஐந்தடியில்
கடப்பாரை ணங்கென்று திரும்பி வந்தது.
சேர்வராயன் மலை ஊருக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறது,
அதன் கட்டைவிரலில் குத்தியிருக்கிறோம்.
வெடி வைக்க விடமாட்டார்கள்.
கம்ப்ரசர் என்றால் அடிக்கு இவ்வளவு.
கணக்கை அண்ணன் இரண்டு முறை பார்த்தார்.
பள்ளத்தில் இறங்கிப் பாறையை உள்ளங்கையால் தட்டினார்,
சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பவர் மாதிரி.
காங்கிரீட், அதன் மேல் ஓடு போக
மிஞ்சியது நாலே கால்.
விளிம்புக்கு ஓரங்குலம் கீழே தண்ணீர் நின்றால்
நாலடி இரண்டு.
அக்கா சமையலறை ஜன்னலில் இருந்தார்.
சிரித்தாரா தெரியவில்லை. குக்கர் விசில் அடித்தது.

பாறை விட்ட வழியில் வளைத்து வளைத்து
சிறுநீரகம் கடைசியில் புளியங்கொட்டை ஆகிவிட்டது.

"மீன் விடுவீங்களா?" என்றார் மாதேசன்.
இல்லை என்றேன்.
"மூக்கனேரி இங்கதான் இருக்கு."
குறையாகச் சொல்லவில்லை. கேள்வியும் இல்லை.
எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒருமுறை குழாய் வரும்.
முப்பத்தைந்தாயிரம் லிட்டர், மூன்று லாரி என்று
விலைப்பட்டியலில் எழுதிய வரியை மட்டும்
என் கை வேகமாகக் கடந்தது.

நிரப்பியது தை மாத இரவில்.
மூன்றாவது லாரி போனபின்னும்
தண்ணீர் அடங்க நேரம் பிடித்தது.
ஏற்காட்டுப் பாதையில் ஏதோ வண்டி இறங்கிக்கொண்டிருந்தது,
கொண்டை ஊசி வளைவுதோறும் அணைந்து, எரிந்து.
குளத்துக்குள் அது ஏறிக்கொண்டிருந்தது.
இதை நான் எந்தத் தாளிலும் போடவில்லை.

அக்கா சேலையோடு படியிறங்கினார்.
இடுப்பு. தோள். கழுத்துக்குழி.
அங்கே நின்றது.
"குளிருதா?" என்றார் அண்ணன் கரையிலிருந்து,
பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி.
பதிலில்லை.
வேம்பிலிருந்து ஒரு பழுத்த இலை இறங்கி
அவர் முகத்தருகே மிதந்தது.
அண்ணன் வலைக்கம்பைத் தேடினார்.
"இருக்கட்டும்" என்றார் அக்கா,
தலை மட்டும் வெளியே இருந்த ஒரு குரலில்.