பேர் சொல்ல ஒரு விதை

ஜாம்பரூ மலைச்சரிவில்
ஹேட்டர்ஸ்லியின் மாட்டுப் பண்ணை முடிந்து
உண்ணிச்செடிப் புதர் தொடங்கும் இடம்.
யூடோக்கியா முன்னால், அட்டை கடித்த காலோடு.
நான் பின்னால், அளவு நாடாவும்
எண் பொறித்த அலுமினிய வில்லைகளும் சுமந்து.

பதினேழு தண்டுகள்.
பட்டையை நகத்தால் கீறினேன்.
உள்ளே மஞ்சள். நாக்கில் வைத்தால் நாள் முழுக்கக் கசப்பு.
கிளை கழன்ற இடத்தில்
தோள்மூட்டு விலகியதுபோல் வழவழப்பாய் ஒரு குழி.
ஊரில் அதைச் சாக்கெட்வுட் என்கிறார்கள்.
படித்தவர்கள் வைத்த பேர் டாஃப்னாண்ட்ரா.

"டாஃப்னி ஓடினாள்" என்றாள் யூடோக்கியா,
நாடாவை ஐந்தாம் தண்டில் சுற்றிக்கொண்டே.
"துரத்தியவன் கடவுள். யாரிடம் போய்ப் புகார் சொல்வது?
ஆறாக ஓடிய அப்பாவைக் கூப்பிட்டாள்.
கால் வேர்விட்டது, வாய் பட்டைக்குள் போனது.
அப்புறமும் விட்டானா?
இலையைப் பறித்துத் தலையில் சூடிக்கொண்டான்.
முப்பத்தொரு சென்டிமீட்டர், எழுது.
இத்தனை கடல் தாண்டி
இந்த மரத்துக்குப் பேர் வைத்தவனும்
பூவின் மகரந்தப்பையைப் பார்த்துவிட்டு
அவள் பேரோடு
ஆண் என்ற சொல்லை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்."

காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள்.
இது காய்த்தே யாரும் பார்த்ததில்லை.
செப்டம்பரில் பூக்கும், கொட்டும், அவ்வளவுதான்.
பேர் சொல்ல ஒரு விதை கிடையாது.

பைக்கை நிறுத்திவிட்டு ஹேட்டர்ஸ்லி வந்தார்,
கையெல்லாம் பால்பொடி.
"இதுவா? எங்கப்பா வேலிக்கம்புக்கு வெட்டினார்.
அப்போது ஒன்றுதான் இருந்தது.
அடுத்த வருஷம் ஏழு நின்றது.
அவர் மறுபடி வெட்டினார்."
சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.
தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

போன மாதம் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது:
பதினேழும் ஒரே மரம்.
படிவத்தில் 'எத்தனை மரங்கள்' என்ற கட்டம்.
யூடோக்கியா பதினேழு என்று எழுதி, அடித்து,
ஒன்று என்று எழுதி, அதையும் அடித்தாள்.
மழை வந்து மையைக் கலைத்தது.

திரும்பும்போது நான்தான் பார்த்தேன்:
வேலிக்கு அந்தப் பக்கம்,
மேய்ச்சல் புல்லில், காய்ந்த சாணத்தைப் பிளந்துகொண்டு
விரல் உயரத்தில் ஒரு துளிர்.
எதிரெதிராய் நாலு இலை, ஓரமெல்லாம் பல்.

கம்பிக்கு அடியில் எப்போது நுழைந்தாள்?

பையில் ஒரு வில்லை மிச்சம் இருந்தது, பதினெட்டு.
எடுத்துப் பார்த்தேன்.
ஆணி அடிக்க அவளிடம் இன்னும் இடமில்லை.