மூன்றாவது அறை

"இப்ப வர்ற சீரியல்ல ஏதாவது
பார்க்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்கிறாய், இளவழுதி.
மாதம் நாலு ஆப்புக்குப் பணம் கட்டுகிறவன் நீ.
ஐஸ்லாந்துப் போலீஸ்காரன் பனியில் நடப்பதை
விடிய விடியப் பார்த்துவிட்டுக்
கண் சிவந்து ஆபீஸ் போகிறவன்.

என்னிடமா கேட்பது?
தசரதபுரத்தில் ஒரு மாடி,
வராந்தா கடைசியில் மூன்றாவது அறை,
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
பதினோரு வருடமாக வெட்டி ஒட்டுகிறேன்.
சேனலுக்கு இருபத்திரண்டு நிமிடம் வேண்டும்.
எனக்கு வருவது பதினாறு.
மீதி ஆறை
முகம் முகமாகத் தேடி எடுக்கிறேன்.
மாமியார் திரும்புகிறாள், ஓரகத்தி திரும்புகிறாள்,
வசனமே இல்லாத சமையல்காரப் பையனும்
ஒருமுறை திரும்பிவிட்டுப் போகிறான்.

மருமகள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தால்
மூன்று தடவை விழவைப்பேன்.
சிரிக்காதே, அதில் ஒரு கணக்கு இருக்கிறது.
முதல் அறை டிவி முன்னால் இருப்பவருக்கு.
இரண்டாவது, "ஐயோ, இங்க வாயேன்" கேட்டு
அடுப்பை சிம்மில் வைக்கிறவருக்கு.
மூன்றாவது, கையைத் துடைத்துக்கொண்டே
நிலைப்படியில் வந்து நிற்கிறவருக்கு.

ஆகவே உனக்குப் பதில் தயாராகவே வைத்திருந்தேன்:
பார்க்கிற மாதிரி இல்லையப்பா,
பார்க்காமல் இருக்கிற மாதிரிதான் செய்கிறோம்.
வெங்காயம் நறுக்கியபடி, ஹோம்வொர்க் அதட்டியபடி
காதை மட்டும் கொடுத்தால் போதும்.

சொல்லி முடித்திருப்பேன்,
போன புதன்கிழமை வீட்டில் மாவு தீராமல் இருந்திருந்தால்.

ஆற்காடு ரோட்டில் மெட்ரோ தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு
எஸ்தர்மணி கடைக்குப் போனேன்.
ஒன்பதே கால். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
குனிந்து உள்ளே நுழைந்தால்
உளுந்து மூட்டைமேல் சின்ன டிவி.
ஞாயிறு இரவு நான் ஒட்டிய அதே எபிசோடு.
காசியில் படகு கவிழ்ந்து வீட்டுப் பெரியவர் மறைவு,
கூடத்தில் மாலை போட்ட படம்.
நடிகர் சம்பளம் கூட்டிக் கேட்டிருந்தார், வேறொன்றுமில்லை.

கிரைண்டர் நிற்கவில்லை.
அந்த இரைச்சலில் ஒரு வசனமும் கேட்காது.
அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"செத்துட்டாருன்னு நினைக்கிறீங்களா?" என்று கத்தினாள்.
என் தொழில் அவளுக்குத் தெரியாது.
"அதான் மாலையே போட்டாச்சே!"

"மாலைய நல்லாப் பாருங்க. பிளாஸ்டிக்கு.
நாத்தனார் புருஷன் செத்தப்ப அசல் சம்பங்கி.
இந்த வீட்டு மருமக பிளாஸ்டிக் பூ தொடவே மாட்டா.
படத்துக்குப் பொட்டும் வைக்கல.
எவனோ அவசரத்துல மாட்டியிருக்கான்.
மாமியாருக்குச் சந்தேகம் தட்டிருச்சு, பாருங்க, திரும்புறா."

மாமியார் திரும்பினாள்.
அது எழுபதாவது எபிசோடில்
பால் பொங்கியபோது அவள் திரும்பியது.
நிமிடம் போதாமல் பழைய டிஸ்கிலிருந்து
நான்தான் எடுத்துச் செருகினேன்.

"சேலை மாறிருக்கு.
அப்ப ஒரு நாள் கழிஞ்சிருச்சு" என்றாள்,
மாவை வழித்துக்கொண்டே.

இளவழுதி, அந்தப் படத்தை
நாற்பது தடவையாவது ஓட்டியிருப்பேன்.
மாலையை நான் பார்க்கவில்லை.

நேற்று சேனலிலிருந்து போன்.
சம்பளம் பேசி முடிந்ததாம், பெரியவர் திரும்ப வருகிறாராம்,
எப்படி வருவார் என்று
எழுதுகிறவருக்கே இன்னும் பிடிபடவில்லையாம்.
"அந்த மாலை பிளாஸ்டிக் சார்" என்றேன்.
"என்னது?" என்றார்.
மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஒரு நாள் ஒன்பதே காலுக்கு வந்து பார்.
பாத்திரம் எடுத்து வா,
கவர் கேட்டால் திட்டுவாள்.